பொதுவில் வைத்த குரல்

ஆசிரியர் கூடலுக்கு வருகிறவர்கள் தங்களுடையது ஏதாவது ஒன்றைப் பொதுவில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். போன வருடம் ஹெப்சிபா டீச்சர் தன் குரலைப் பதிவு செய்து, அதில் இருந்த பொறுமையோடு வைத்துவிட்டு வந்தாள்.

இந்த வருடக் கூடலில் எல்லோரும் தேடி வந்து கைகொடுத்தார்கள். ஊர் ஊராக அவள் குரல்தான் கணக்குச் சொல்லித் தருகிறதாம். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய், சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தாள்.

உள்ளே கணினியிலிருந்து அவள் குரலே கேட்டது. "பரவால்ல, இன்னொரு தடவ போட்டுப் பாப்போமா?"

மகள் ஜெனிலா பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தான் வந்துட்டேனே. எங்கிட்ட கேளேன்."

"நீ அசந்துபோய் வந்திருப்பம்மா. இதுவே போதும்."

ஹெப்சிபாவுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். கணக்கு முடிந்ததும் அந்தக் குரல் கேட்டது: "சாப்பிட்டியா கண்ணு?"

நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இத நான் பேசிக் குடுக்கலையே!"

"நான்தான் சேத்தேன்," என்றாள் ஜெனிலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாரு வேணா திருத்தலாம்னு நீதானம்மா சொன்ன. இப்ப எல்லா ஊர்ப் பசங்களும் இதத்தான் வச்சிருக்காங்க."