கம்பியில் இரண்டு தட்டு

சிகிச்சை அறையின் இரும்புக் கம்பிகளில் காலை வெயில் பளபளக்கிறது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே, அவற்றைப் பிடித்தபடி பஸ் டிரைவர் நிற்கிறார். பக்கவாதம் வந்த இடது கால் தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கிறது. "ட்ரை பண்ணுங்க சார், ஒரே ஒரு ஸ்டெப், கமான்!" என்று பயிற்சி கொடுக்கும் பெண் கெஞ்சிக் கூத்தாடுகிறாள். அவர் அசையவில்லை. ஒரு மாதமாக இதே பாடுதான் என்று, அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவரைப் பார்க்க வந்திருக்கும் கண்டக்டர், இருபது வருஷம் ஒரே பஸ்ஸில் அவரோடு ஓடியவர், பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய்க் கம்பியில் பட் பட்டென்று இரண்டு தட்டு தட்டுகிறார். "போலாம்... ரைட்!" அறையே அதிர்கிறது. டிரைவரின் தோள் நிமிர்கிறது. பார்வை நேராகிறது. அந்தக் கால் தரையை உரசிக்கொண்டே கிளம்பி, முன்னால் போய் ஊன்றுகிறது. அப்புறம் மற்றது. அப்புறம் மறுபடியும் அதே கால். மனைவியின் மடியிலிருந்து செருப்பு நழுவி விழுகிறது, அவள் குனியவேயில்லை. பாதிக் கம்பி தாண்டியதும் பயிற்சிப் பெண் குறுக்கே ஓடிவருகிறாள். "ஸ்டாப் சார், ஸ்டாப்! இன்னைக்கு இது போதும்." அவர் நிற்பதாக இல்லை. "நீ ஏம்மா கத்துற? கண்டக்டர் இன்னும் விசில் அடிக்கலையே!"