செருப்பில்லாத பட்டாளம்

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்! இன்னைக்கும் அந்த வாண்டுங்க வெறுங்காலோட ஆடுதுங்க!"

ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தபடி டாக்டர் தன் கணவரைக் கூப்பிட்டாள்.

வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். எதிர் மைதானத்தின் ஈரப் புல்லில் ஏழு பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

வரவேற்பு மேஜையில் இருந்த கணவர், நோயாளிகள் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதில் படிக்க ஒன்றுமே இல்லை. கிளினிக் திறந்து இருபது நாளாக ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் யாரும் வராவிட்டால் மூட வேண்டியதுதான். டாக்டர் தன் பழைய ஆஸ்பத்திரிக்கே போய், அந்தச் சிடுமூஞ்சிப் பெரிய டாக்டர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும்.

"விளையாடட்டும் விடும்மா. காலுக்கு நல்லது."

"டாக்டர் நானா, நீங்களா? சளி பிடிச்சா என்ன ஆகும்?"

"பிடிச்சா பார்த்துக்கலாம். அதான் எதிர்லயே நீ இருக்கியே."

முறைத்துக்கொண்டே திரும்பியவளின் கண்ணில் மிட்டாய் ஜாடி பட்டது. ஊசிக்கு அழாத குழந்தைகளுக்கென்று வாங்கி வைத்தது. அடியில் நாலே நாலு கிடந்தன.

"ஊசி போட ஒரு குழந்தை வரல, மிட்டாய் மட்டும் எப்படிங்க தீருது? விடிஞ்சதும் பனியில வாக்கிங், வந்ததும் இதை மொக்கறதா? சர்க்கரை ஏறப் போகுது உங்களுக்கு!"

கணவர் அசடு வழிந்தார்.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. பாவம், பெற்றவர்களுக்குச் செருப்பு வாங்கித் தர வழியில்லையோ என்னவோ! ஸ்டெதாஸ்கோப்பை விற்றாவது ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று மைதானத்துக்கு நடந்தாள்.

சுவர் ஓரமாக ஏழு ஜோடி ஷூக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டி வைத்த சாக்ஸ்.

"யாருதுடா இதெல்லாம்?"

"எங்களுதுதான் ஆன்ட்டி."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தொண்டையைப் பார்த்தாள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை, குத்துக்கல் மாதிரி நின்றார்கள்.

"அப்புறம் ஏன் கழட்டி வச்சிருக்கீங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பல் விழுந்த பொடிசு ஒன்றுக்கு மட்டும் வாய் நிற்கவில்லை.

"வெறுங்காலோட விளையாடினா தினம் ஆளுக்கு ரெண்டு மிட்டாய். தும்மல் வந்து அம்மாவைக் கூட்டிட்டு உங்ககிட்ட வந்தா அஞ்சு! ஆனா என்ன பண்ணாலும் எங்களுக்குத் தும்மலே வர மாட்டேங்குது ஆன்ட்டி!"

"எவன் சொன்னது இப்படி?"

ஏழு விரல்களும் கிளினிக் வாசலை நோக்கி நீண்டன. அங்கே அவசரமாகக் கதவுக்குப் பின்னால் பதுங்கிய உருவம், அடக்க முடியாமல் "அச்...ச்!" என்று தும்மியது.

டாக்டர் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு, தன் கிளினிக்கின் முதல் நோயாளிக்கு ஊசி போடக் கிளம்பினாள்.