மூடிக்கொள்ளச் சொன்னவர்

"இப்பல்லாம் எதையும் ஊருக்கே படம் பிடிச்சுக் காட்ட வேண்டியது, அப்புறம் எவனோ அசிங்கமா எழுதறான்னு அழ வேண்டியது!" கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் மருமகளிடம் எரிந்து விழுந்தார்.

"புகார் கொடுக்கணும் மாமா. துணைக்கு வாங்க."

"ஒழுங்கா மூடிக்கிட்டு நின்னா எவன் எழுதப் போறான்? அப்படி என்னத்தக் காட்டினே?"

அவள் போனை நீட்டினாள். 'இந்த விரலைக் கடிக்கணும்', 'தனியா வர்றியா?' என்று அவள் பெயரைப் பார்த்து ஆளாளுக்கு வழிந்திருந்தார்கள். படத்தில் ரப்பர் கையுறை போட்ட இரண்டு கைகள் மட்டும் ஒரு கடிகாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தன.

"நம்ம கடைக்காக எடுத்தது மாமா. பேருதான் என்னுது. கை உங்களுது."

பெரியவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புகாரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைலேருந்து முழுக்கைச் சட்டை போட்டுக்கறேன்" என்று முணுமுணுத்தபடி எழுந்து நடந்தார்.