பூஜையில் வைத்த லேப்டாப்

"தொடாதே!" என்று கத்தினான் ராகவன்.

பூஜையில் அடுக்கிய புத்தகங்களின் மேல் இருந்த அவன் லேப்டாப்பை எடுக்கப் போன சரிதா, கையை இழுத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து சாமி அலமாரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன், இன்றைக்குச் சரஸ்வதிக்குக் காவல் நிற்கிறார்.

"பூஜைல வச்சதை இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்கு விஜயதசமி. காலைல எடுத்துக்கலாம்."

"நாளைக்கா? சந்தீப் போன்ல சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா? சாயந்திரத்துக்குள்ள ரெஸ்யூமே அனுப்பணும். லண்டன்ல இருக்கற மேனேஜருக்குப் பூஜை லீவெல்லாம் கிடையாது."

சந்தீப், சரிதாவுடன் வேலை பார்ப்பவன். நியூ டவுனில் அவர்கள் கம்பெனியிலேயே ஓர் இடம் காலியாம்; ராகவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வேலை. செக்டர் ஃபைவில் அவன் வேலை பார்த்த கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஒருவர் தானாகக் கூப்பிட்டு அவன் பெயரைச் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

வெளியே துர்கா பூஜைப் பந்தலில் மேளம் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கொல்கத்தாவே நவமி கொண்டாட, இந்த சால்ட் லேக் ஃபிளாட்டில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

அதுவும் எப்பேர்ப்பட்ட லேப்டாப்! கம்பெனியுடையதைத் திருப்பிக் கொடுத்த பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பேட்டரி போன கேஸ். கரன்ட்டில் சொருகினால்தான் உயிர் வரும்.

தினமும் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, உள் ரூமில் அதன் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வான். சரிதா ஆபீஸிலிருந்து வரும்போதுதான் கதவு திறக்கும். "எத்தனை எடத்துக்குப் போட்டீங்க?" என்று ஆரம்பத்தில் தினமும் கேட்டாள். அவனும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்வான். நாளாக ஆக அவளுக்கும் அலுத்துவிட்டது போலிருக்கிறது, கேட்பதை விட்டுவிட்டாள்.

முதல் முதலாக 'வருந்துகிறோம்' என்று மெயில் வந்த நாள் ராகவன் சாப்பிடாமல் படுத்தான். அப்புறம் கொஞ்ச காலம் எல்லார் மேலும் எரிந்து விழுந்தான். இப்போது பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி ஆகிவிட்டான். எங்கே தொட்டாலும் ஒன்றும் தெரிவதில்லை.

காலையில் பூஜைக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்ததும் சரிதாதான். தன் லேப்டாப்பைச் சுவரிலிருந்து பிடுங்கி, வயரைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, கொண்டுவந்து வைத்தாள். அவனுடையதை மேஜையிலிருந்து ஒரு கையால் தூக்கி வந்து, துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டாள்.

பந்தல் பிரசாதக் கிச்சடி கொடுக்க வந்த எதிர்வீட்டு வங்காளி அண்ணி மேக்னா பவுதி, "எங்க சரஸ்வதி குளிர்காலத்துலதான் வருவா. உங்களுக்கு மட்டும் இப்பவே வந்துட்டாளா?" என்று கேலி செய்துவிட்டுப் போனாள். அப்போது ராகவன்கூடச் சிரித்தான்.

இப்போது சிரிப்பில்லை.

"போன்ல ஒரு காப்பி இருக்கு. அதையே அனுப்பிடு" என்றான்.

"அது பழசு. நீங்க புதுசா மாத்தி எழுதினது லேப்டாப்லதானே இருக்கு?"

"ஆமா..."

"அப்ப எடுங்க."

"சாமி குத்தம் ஆயிடும், சரிதா."

சரிதா சரஸ்வதி படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

"தாயே, பொழப்புக்காகத்தான் எடுக்கறேன். நீயே கோவிச்சுக்கிட்டா நாங்க யார்கிட்ட போறது?"

லேப்டாப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து, நாற்காலியையும் இழுத்துப் போட்டாள். ராகவன் உட்கார்ந்தான். மூடியைத் திறந்தான். பட்டனை அழுத்தவில்லை.

"கரன்ட்டுல சொருகணும்" என்றான். "வயர் உள் ரூம்லதான் இருக்கும். நான் போய்..."

சொன்னானே தவிர, எழுந்திருக்கவில்லை.

சரிதா உள் ரூமுக்குப் போகவில்லை. வாசல் பக்கம் மாட்டியிருந்த தன் ஆபீஸ் பையைத் திறந்து, ஒரு கறுப்புச் சார்ஜரை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"உன்னோடது இதுல சேராதே" என்றான் ராகவன்.

"உங்களோடதுதாங்க. ஆகஸ்ட்ல ஒரு நாள் காலைல, அவசரத்துல என்னோடதுன்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிட்டேன். எங்க வச்சேன்னு கேட்டு நீங்க போன் பண்ணுவீங்கன்னு நாள் பூரா பார்த்துட்டிருந்தேன்."

ராகவன் சார்ஜரையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வந்தால் தேவலை என்று இருந்தது. வரவில்லை.

"அன்னிக்குச் சாயந்திரம்தான் கடைசியா உங்களைக் கேட்டேன், எத்தனை எடத்துக்குப் போட்டீங்கன்னு."

சார்ஜரின் முனையை அவளே லேப்டாப்பில் சொருகினாள்.

"அஞ்சுன்னு சொன்னீங்க."