யார் கொடுத்த கிருமி?

"வாடி காசிமிரா! எனக்கு நோயைக் குடுத்துட்டு நீ மட்டும் ஜம்முனு நடமாடுறியா?"

தியோஃபிலாவின் குரல் மலையடிவாரத்து மோட்டார் டாக்சி நிறுத்தம் வரைக்கும் கேட்டது. லிமா நகரத்தின் ஓரத்தில் இருந்த அந்த மலைக் குடியிருப்புக்கு இது தினசரி வாடிக்கை.

காசிமிரா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். மாஸ்க்கை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியைத் திறந்து கோழி சூப்பை ஊற்றிக் கொடுத்தாள்.

"முட்டை எங்கடி?"

"அடியில கிடக்கு அக்கா."

"உருளைக்கிழங்கு வேகவே இல்ல. உன் மனசு மாதிரி கல்லா இருக்கு."

கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரிக்கே பொறுக்கவில்லை. என்ன நாக்கு இவளுக்கு என்று முணுமுணுத்தாள்.

விஷயம் இதுதான். சில வருடங்களுக்கு முன்பு காசிமிராவுக்கு மருந்துக்கு அடங்காத காசநோய் வந்து குணமாகியிருந்தது. இப்போது தியோஃபிலாவுக்கு அதே நோய், அதே மாத்திரைக்கு அடங்காத கிருமி. இருவரும் குடியிருப்பின் பொதுச் சமையலறையில் ஒரே அடுப்பில் வெந்தவர்கள். ஆண்டு விழாவில் எல்லோரும் வட்டமாக நின்று ஒரே கிளாஸில் பீர் குடித்தபோது, காசிமிரா கையிலிருந்துதான் தியோஃபிலா கிளாஸை வாங்கினாள். வேறென்ன சாட்சி வேண்டும்?

காசிமிரா இறங்கிப் போனதும் நர்ஸ் யானெத் வந்தாள். மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்புவாள்.

"அம்மா, உங்க கிருமியையும் காசிமிராவோட பழைய கிருமியையும் லேப்ல மரபணு பிரிச்சுப் பார்த்துட்டாங்க. அது வேற, இது வேற. உங்களுக்கு நோய் அவங்ககிட்ட இருந்து வரல."

"ரெண்டும் ஒரே மாத்திரைக்குத்தானே அடங்கல?"

"இந்த மலையில பாதிப் பேருக்குக் குடும்பப் பேரு கிஸ்பேதான். எல்லாரும் ஒரே வயித்துல பொறந்தவங்களா? இதுவும் அப்படித்தான். குணம் ஒண்ணா இருந்தாலும் மரபணு மாறியிருக்கிற இடம் வேற வேற. ரெண்டும் வேற வேற வம்சம். அப்புறம், காசநோய் காத்துலதான் வரும், கிளாஸ்ல ஒட்டாது. எத்தனை தடவை சொல்றது?"

தியோஃபிலா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"நர்ஸம்மா, இதை அவகிட்ட சொல்லிடாதீங்க."

யானெத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "செய்யாத தப்புக்கு அவங்க தினம் உங்ககிட்ட பேச்சு வாங்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

"பசங்க சிலி நாட்டுல போய் உட்கார்ந்துட்டாங்க. மாத்திரை போட்டா குடலைப் புரட்டுது. நடுவுல வேண்டாம்னு நிறுத்தினேனே, உங்களுக்குத் தெரியாதா? அவ சூப்பைத் தூக்கிட்டு வர ஆரம்பிச்ச பிறகுதான் மாத்திரை வயித்துல நிக்குது. தப்பு அவளோடது இல்லன்னா எதுக்கு இந்தப் படியெல்லாம் ஏறி வரணும்? நான் யாரு அவளுக்கு? திட்டுறதுக்காவது ஒரு ஆள் வருதேன்னுதான் நான் உயிரோட இருக்கேன்."

யானெத் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் படி இறங்க இறங்க மனசு கேட்கவில்லை. பாவம்தான், அதற்காக ஓர் அப்பாவியை ஏமாற்றலாமா? நேராகக் காசிமிரா வீட்டுக்குப் போனாள்.

காசிமிரா வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்கு வேண்டிய கோழியை உரித்துக்கொண்டிருந்தாள்.

"காசிமிரா அக்கா, ஒரு நல்ல சேதி. அந்தக் கிருமி உங்களோடது இல்ல. லேப்ல..."

"தெரியுமே" என்றாள் காசிமிரா, தலை நிமிராமல். "போன மாசம் நீங்க லீவுல இருந்தப்ப வந்த நர்ஸம்மா சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா தினம் போய்த் திட்டு வாங்குறீங்க?"

"மெதுவா பேசுங்க நர்ஸம்மா, அவ காதுல விழுந்துடப் போகுது. பெரிய ரோஷக்காரி அவ. இரக்கப்பட்டுக் குடுக்கிறேன்னு தெரிஞ்சா ஒரு வாய் தொட மாட்டா. எல்லாம் என் தப்புன்னு நெனச்சாத்தான் உரிமையா ரெண்டாவது கிண்ணம் கேப்பா."