நூற்று முப்பது லிட்டர்

"ஒத்த ஆள் இருக்கற வீட்டுல ரெண்டு ஆள் தண்ணி போகுது. எப்படின்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

ஒன்பதாம் எண் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கையிலிருந்த போனைத் தையல்காரம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். திரையில் ஒரு நீலக் கோடு ஏணி வைத்து ஏறினமாதிரி ஏறியிருந்தது. எதிர் வீட்டு நர்ஸம்மா, வருஷக்கணக்கில் துடைக்காத தன் வீட்டுக் கதவை அன்றைக்கென்று பார்த்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

செயலாளருக்குக் கட்டடத்தில் 'வால்வு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆறு மாதத்துக்கு முன் கீழ்த்தொட்டி மத்தியானத்துக்குள் வறண்டுபோய், பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் மாட்ட வைத்தவர் அவர்தான். அதைக் குறை சொல்ல முடியாது. இப்போது நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. கூடவே அவரும் வருகிறார்.

யார் வீட்டில் எத்தனை மணிக்குக் குழாய் திறந்தது, எவ்வளவு நேரம் ஓடியது, எல்லாம் அவர் போனில் கோடுகோடாக விழும். ஆளுக்கு நூற்றிருபது லிட்டர். மீறினால் திரையில் விரலால் ஒரு தட்டு; அந்த வீட்டு வால்வு தானாக மூடிக்கொள்ளும். தலையில் சோப்பு நுரையோடு நிற்பவர்களுக்குப் போன் போட்டு "ஏழு நிமிஷம் ஆச்சு" என்று சொன்ன புண்ணியவான். மனைவி வேலைக்குப் போனபிறகு நாலாம் எண் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது புருஷன்தான் என்ற விஷயம் வெளியே வந்ததும் அந்தக் கோட்டின் தயவில்தான்.

தையல்காரம்மா தனிக்கட்டை. நாளைக்குத் தொண்ணூறு லிட்டரைத் தாண்டாதவள். திங்கட்கிழமையிலிருந்து அது இருநூற்றிருபது. மூன்று முறை செய்தி அனுப்பியும் அவளிடமிருந்து பதில் இல்லை.

"துணி நனைச்சேன் சார்," என்றாள் அவள், கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு.

"அஞ்சு நாளாவா? காலையில அஞ்சே முக்காலுக்கு உங்க ஷவர் ஓடுது, ஆறு நிமிஷம். எட்டு மணிக்கு மறுபடி ஓடுது, பதினஞ்சு நிமிஷம். துணியை யாராவது ஷவர்ல நிக்கவச்சு நனைப்பாங்களாம்மா?"

கட்டடத்தில் ஏற்கெனவே பேச்சு கிளம்பியிருந்தது. ஒன்பதாம் எண்ணில் இரண்டு தட்டு கழுவும் சத்தம் கேட்கிறதாம், இந்த வயதில் தையல்காரம்மா ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டுவிட்டாளாம். நர்ஸம்மா இதை யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. வந்து கேட்டவர்களுக்கு மட்டும்தான் சொன்னாள்.

ஆள் யார் என்பதில் செயலாளருக்கு அக்கறையே இல்லை. அவருக்கு வேண்டியது லிட்டர். யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பெயரை எழுதிக் கொடுத்தால் அளவைக் கூட்டிவிடுவார். கொடுக்காவிட்டால் இப்போதே வால்வை மூடுவார், மூன்று நாளைக்குத் திறக்க மாட்டார்.

தையல்காரம்மாவின் முகம் வெளுத்தது. உள்ளே நூறு செட் பள்ளிச் சீருடை மலைபோலக் கிடந்தது. திங்கள் காலையில் கொடுத்தாக வேண்டும். நீராவி இஸ்திரிப் பெட்டிக்குத் தண்ணீர் இல்லாமல் ஒரு மடிப்பு நிற்காது. அவள் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"எழுதிக் குடுக்க முடியாது சார். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

செயலாளர் பெருமூச்சு விட்டார். திரையை நகர்த்தித் தன் வீட்டுக் கோட்டைக் காட்டினார். அது சறுக்குமரம் மாதிரி இறங்கியிருந்தது.

"எங்க வீட்டைப் பாருங்க. நாங்க ரெண்டு பேர். இருநூத்தி நாப்பது ஆயிட்டிருந்துது. குழாயில சின்னதா ஒரு நாசில் மாட்டினேன், தண்ணியோட காத்தைக் கலந்து விடும். இப்ப நூத்திப்பத்து. மனசு வச்சா முடியும்மா."

"உங்க வீட்டம்மா ஒண்ணும் சொல்லலையா?" என்று கதவைத் துடைத்தபடி கேட்டாள் நர்ஸம்மா.

"முன்னல்லாம் சொல்லுவா. குளிக்கும்போது கதவைத் தட்டாதீங்க, சாப்பிடும்போது போனைப் பாக்காதீங்கன்னு. நாசில் மாட்டினதுலேருந்து ஒரு வார்த்தை கிடையாது. வீடே அவ்வளவு அமைதியா இருக்கு."

போன் கிணுகிணுத்தது. செயலாளரின் கண்கள் பளிச்சிட்டன. ஒன்பதாம் எண் வீட்டின் கோடு, தையல்காரம்மா வாசலில் நிற்கும்போதே, மேலே ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் பேச்சில் அமுங்கிக் கிடந்த ஷவர் சத்தம் இப்போது மூன்று பேருக்கும் கேட்டது. நர்ஸம்மா துணியைக் கீழே போட்டாள்.

"பதினாலு நிமிஷம் ஆச்சு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, செயலாளர் திரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஷவர் நின்றது. குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. அவசரமாக மாட்டிய நைட்டியும் தலை நிறைய நுரையுமாக வெளியே வந்து நின்றாள் செயலாளரின் மனைவி.

"ஃபிரிட்ஜுல நாலு நாளைக்குச் சாப்பாடு வச்சிட்டு வந்தேன். நேத்தோட தீந்திருக்குமே, அதுக்கப்புறமாவது தேடுவீங்கன்னு நினைச்சேன்," என்றாள்.

செயலாளர் அவளைப் பார்த்தார். தன் வீட்டுக் கோட்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"அப்போ அந்த நாசில் வேலையே செய்யலையா?" என்றார்.