கண்ணில் நின்ற ஒளி

தோழர்களே, இந்த அநீதியை வந்து பாருங்கள்! மின்னி மறையும் ஒளி கண்ணில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்கும் ஜெர்மானிய ஆய்வுக்கூடம் அது. அங்கே சேர விண்ணப்பித்த ஓட்டிலி என்ற பெண்ணுக்கு அன்றைய சோதனையே நுழைவுத் தேர்வு.

இருட்டில், விளக்குப் பெட்டியின் மூடி 'டக்'கென்று திறந்து மூடியது.

"ஆகா, இன்னும் நிக்குது... நிக்குது... இப்பத்தான் மறையுது," என்றார் பேராசிரியர் க்ரோனவால்ட்.

"எனக்கும் நின்னுச்சுங்க ஐயா," என்றான் மாணவன் லோதார். "ஆனா உங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே மறைஞ்சிருச்சுங்க."

"உனக்கு எப்படிம்மா?" என்று பேராசிரியர் ஓட்டிலியிடம் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க ஐயா," என்றாள் ஓட்டிலி.

பேராசிரியர் சிரித்தார். "பொம்பளைக் கண்ணுல எதுவும் நிக்காதுன்னு அப்பவே சொன்னேனே! வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு உரிச்சுப் போடு, போ."

ஓட்டிலி சன்னல் திரையை விலக்கி, விளக்குப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே விளக்கு ஏற்றப்படவே இல்லை. திரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

பேராசிரியர் அசரவில்லை. "பாத்தியா லோதார்? இல்லாத ஒளியைக்கூடப் பிடிச்சு வைக்குது ஆம்பளைக் கண்ணு! பட்டியல்லேருந்து அந்தம்மா பேரை அடிச்சிடு."

தோழர்களே, ஓட்டிலி வாசலுக்கு வெளியே நிற்கிறாள். அவளை உள்ளே அழையுங்கள். அந்தப் பேராசிரியரை வெளியே அனுப்புங்கள்!